எழும்பாமல் ஒரு சாப்பாடு

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் தங்கராசாவைத் தெரியாத தமிழர் குறைவு. அவர் கதிரையில் இருந்து சாப்பிட்டதைக் கண்ட தமிழர் அதைவிடக் குறைவு. சரியாகச் சொன்னால் ஒருவரும் இல்லை. பிறந்தநாளோ, சாமத்தியச் சடங்கோ, கலியாணமோ, மனிதர் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார், வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார், நேரே குசினிக்குள் போய்விடுவார். அதற்குப் பிறகு அவரைக் காண விரும்புகிறவர்கள் சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் போய்த்தான் காண வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, கார்த் திறப்பைத் தேடுகிற நேரத்தில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றபடியே மிச்சச் சோற்றைக் கறிச்சட்டிக்குள் போட்டுப் பிரட்டி நாலு வாயில் முடித்துவிடுவார். "நான் சாப்பிட்டிட்டன்" என்று அவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும். சாட்சி கிடையாது.

இது தொழில் கொடுத்த பழக்கம். எண்பத்தைந்தில் வந்து இறங்கியவர், பார்மன் பகுதியில் ஒரு ஜெர்மன் உணவகத்தில் கோப்பை கழுவப் போனார். இருபத்திரண்டு வருடத்தில் உதவிச் சமையற்காரராக உயர்ந்தார். உயர்ந்த பிறகும் கோப்பை கழுவுவதை விடவில்லை, ஏனென்றால் மற்றவர்கள் கழுவினால் கிளாசில் கோடு விழுகிறது என்பது அவருடைய கொள்கை. அந்தக் குசினியில் கதிரை என்று ஒரு சாமான் இல்லை. முதலாளிக்கே இல்லை.

அவர் மனைவி தேவமலருக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். தங்கராசாவுக்கு மூன்று மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்குச் சற்று முன் முடியும். இரண்டு பேரும் சந்திப்பது பிற்பகல் இரண்டரைக்கு, மாடிப்படியில். அவர் இறங்குவார், அவள் ஏறுவாள். "சோறு அடுப்பிலை கிடக்கு." "ஓம்." "பிள்ளைக்கு நாளைக்குப் பல் டொக்டரிட்டை டெர்மின், நாலு மணிக்கு." "ஓம்." இருபது வருடக் குடும்ப வாழ்க்கையின் முக்கியமான முடிவுகள் எல்லாம் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் எடுக்கப்பட்டவை.

கிழமை நாட்களில் காலையில் அவர் சமைத்து வைத்துவிட்டுப் போவார். அதை அவள் வந்து சாப்பிடுவாள். சனி, ஞாயிறு அவள் சமைத்து வைப்பாள். அதை அவர் வேலையால் வந்து, சட்டைகூட மாற்றாமல், நின்றபடி சாப்பிடுவார். திங்கட்கிழமை அவருடைய உணவகத்துக்கு ஓய்வு நாள். அன்றைக்கு யாருடைய வீட்டிலாவது தண்ணீர்க் குழாய் ஒழுகும், அல்லது கோயிலில் பாத்திரம் மினுக்க ஆள் போதாமல் இருக்கும். தங்கராசா போய்விடுவார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சண்டை பிடிக்கவும் நேரம் வேண்டுமே.

தேவமலர் தனியாகச் சாப்பிட்டதில்லை. எதிரே மகள் சிவப்பிரியா இருந்தாள். ஆனால் அந்த வருடம், இரண்டாயிரத்தேழில், சிவப்பிரியாவுக்கு ஹனோவரில் படிக்க இடம் கிடைத்தது. ஒக்டோபரில் போய்விடுவாள். ஊரெல்லாம் வாழ்த்துச் சொன்னது. தேவமலரும் இனிப்புக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையைப் பார்த்தபோதுதான் கதிரைகளை எண்ணினாள். நாலு கதிரை. ஒக்டோபரிலிருந்து ஒரு ஆள். வீட்டில் ஒரு புருஷன் இருப்பது உண்மைதான். ஆனால் அவர் இருக்கிறவர் இல்லையே.

ஓகஸ்டில் ஒரு திங்கட்கிழமை அவள் விஷயத்தை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கொரு ஆசை."

"சொல்லும்," என்றார் தங்கராசா, பல்பு மாற்றிக்கொண்டு.

"ஒருநாள் நீங்கள் எனக்கு முன்னாலை இருந்து சாப்பிடோணும். முதல் வாயிலையிருந்து கடைசி வாய் மட்டும். நடுவிலை எழும்பக் கூடாது."

"இதென்ன பெரிய வேலையே," என்றார் அவர்.

அன்றைக்கே வீட்டில் முயற்சி நடந்தது. அவர் உப்புக்கு எழும்பினார், தண்ணீருக்கு எழும்பினார், குழாய் சொட்டுகிறது என்று எழும்பினார், எழும்பியது எழும்பியதுதான் என்று அடுப்பைத் துடைத்தார். வீட்டில் சரிவராது என்று தெரிந்தது. வெளியே கடைக்குப் போகலாமென்றால் அதில் இரண்டு சிக்கல். ஒன்று, திங்கட்கிழமை அந்த ஊரின் பாதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஓய்வு நாள். இரண்டாவது, திறந்திருக்கிற கடை எதுவானாலும் அதன் குசினிக் கதவுக்குப் பின்னால் நம்மவர் ஒருவர் நிற்பார். இத்தாலியன் கடையில் பீட்சா போடுகிறவர் பருத்தித்துறை. கிரேக்கன் கடையில் இறைச்சி சீவுகிறவர் சாவகச்சேரி. அவர்கள் எல்லாருக்கும் தங்கராசா அண்ணை ஒரு காலத்தில் வேலை எடுத்துக் கொடுத்தவர். அண்ணை வந்திருக்கிறார் என்று தெரிந்தால் உள்ளே கூப்பிடாமல் விடுவார்களா?

வழி சொன்னவள் சிவப்பிரியா. "மலேசியன் கடைக்குப் போங்கோவன் அம்மா. அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இருக்க மாட்டினம்." இணையத்தில் தேடி, திங்கட்கிழமை திறக்கிற மூன்று கடைகளின் முகவரியைத் தாளில் அடித்துக் கொடுத்தாள். டுசல்டோர்ஃப், கெல்ன், எசன். மூன்றும் ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள்.

முதலில் டுசல்டோர்ஃப் போனார்கள். தேவமலர் சேலை கட்டவில்லை, ஆனால் நல்ல சட்டை ஒன்று போட்டிருந்தாள். மேசையில் மெழுகுதிரி வைத்திருந்தார்கள். தங்கராசா கதிரையின் விளிம்பில், பேருந்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார். அவள் பட்டியலை விரித்து முதல் பக்கத்தை வாசிக்குமுன் குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. கதவு திறந்தது.

"தங்கராசா அண்ணை!"

மலேசியக் கடையில் மலேசிய ரொட்டி வீசுகிறவர் கரவெட்டி பாஸ்கரன். பார்மனில் இரண்டு வருடம் தங்கராசாவோடு கோப்பை கழுவியவர். கூட வேலை செய்கிறவனுக்குக் காய்ச்சல், தான் தனியே நின்று முறிகிறேன் என்று அவர் ஒரு வசனத்தில் சொல்லி முடிக்க, தங்கராசா அடுத்த வசனத்துக்குக் காத்திருக்கவில்லை. "ஒரு நிமிசம், தேவா," என்றார்.

அந்த நிமிடம் ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியது. தேவமலர் நாசி லெமாக் என்று ஒன்றைச் சொல்லி, தனியே சாப்பிட்டாள். தேங்காய்ப்பாலில் அவித்த சோறு, பொரித்த நெத்தலி, நிலக்கடலை, பாதி முட்டை, சிவப்பாக ஒரு சம்பல். நன்றாகத்தான் இருந்தது. இதற்கு ஏன் மலேசியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஊரில், எங்கள் கொழும்புத்துறையில் இதைச் சும்மா காலைச் சாப்பாடு என்றுதானே சொல்வோம் என்று அவள் நினைத்தாள். பக்கத்து மேசையில் ஒரு ஜெர்மன் சோடி ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துச் சுவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவள் அதிகம் பார்க்கவில்லை. தங்கராசா சட்டைக் கையெல்லாம் மாவோடு திரும்பி வந்து, "ரொட்டி எப்பிடி? அந்த ரெண்டாவது நான் வீசினது," என்றார். அவள் ரொட்டி எடுக்கவே இல்லை.

இரண்டு கிழமை கழித்து கெல்ன். இந்தமுறை தேவமலர் உஷாராக இருந்தாள். கடைக்குள் போனதும் கழிவறையைத் தேடுகிற சாக்கில் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீனக் கிழவனும் கிழவியும் மட்டும். வேறு ஒருவரும் இல்லை. நிம்மதியாக வந்து இருந்தாள். தங்கராசாவும் இருந்தார். லக்ஸா என்றால் என்ன என்று அவளிடம் கேட்டார். "நூடில்ஸை மீன் சொதிக்குள்ளை விட்ட மாதிரி," என்றாள். அவர் தலையாட்டினார். பரவாயில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போது உள்ளே கோப்பை கழுவும் மெஷின் ஒரு சத்தம் போட்டது. தேவமலருக்கு அது சாதாரண மெஷின் சத்தம். தங்கராசாவின் முகம் மாறிவிட்டது.

"தேவா, அது ஃபில்டர் அடைச்சிட்டுது."

"அடைக்கட்டும்."

"தண்ணி போகாது."

"போகாட்டிக்கு உங்களுக்கென்ன?"

அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நெற்றி வேர்த்தது. மெஷின் இன்னொருமுறை முனகியது. சுவரில் இருந்த மணிக்கூட்டைத் தேவமலர் பார்த்துக்கொண்டிருந்ததால் கணக்குச் சரியாகத் தெரியும்: மனிதர் பதினொரு நிமிடம் தாக்குப் பிடித்தார். பிறகு எழும்பிப் போனார். சாப்பாடு வந்தது, ஆறியது. கடைசியில் மெஷின் ஓடியது. சீனக் கிழவன் இரண்டு கிளாசில் நுரை தள்ளத் தள்ளத் தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்து, உங்கள் கணவர் தங்கமான மனிதர், திங்கட்கிழமைகளில் இங்கே வேலைக்கு வருவாரா என்று ஜெர்மனில் கேட்டான். தேவமலர் இரண்டு தேத்தண்ணீரையும் தானே குடித்தாள்.

திரும்பி வருகிற ரயில் பாதி வழியில் சோலிங்கனைத் தாண்டியதும் அவள் தொடங்கினாள்.

"பிள்ளை ஒக்டோபரிலை போயிடுவாள். பிறகு நான் ஆரோடை இருந்து சாப்பிடுறது? சுவரோடையோ?"

தங்கராசா யன்னலைப் பார்த்தார்.

"ஊரிலை இருக்கிற மெஷின் எல்லாத்தின்ரை சத்தமும் உங்களுக்கு விளங்குது. நான் இருபது வருசமாய்ச் சத்தம் போடாமல் இருந்தது என்ரை பிழை."

"அப்பிடி இல்லை, தேவா." அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "சும்மா இருக்கேக்கை எனக்குக் கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. உமக்கு முன்னாலை இருந்தால் என்ன கதைக்கிறதெண்டும் தெரியேல்லை."

இதைச் சொல்ல அவர் எவ்வளவு பட்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. "மிச்சம் ஒரு கடை இருக்கு," என்றாள். "அதிலையும் எழும்பினீங்களெண்டால் நான் இனி உங்களைக் கேக்க மாட்டன்." தேவமலர் எதையும் இரண்டாம்முறை கேட்கிற ஆள் இல்லை. இதை அவள் நாலாம்முறை கேட்கிறாள் என்பது தங்கராசாவுக்கு விளங்கியது.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, தங்கராசா வேலைக்கு லீவு சொல்ல, இருவரும் சிவப்பிரியாவை ஹனோவரில் கொண்டுபோய் விட்டார்கள். மாணவர் விடுதியின் பொதுக் குசினியைத் தங்கராசா இரண்டு மணித்தியாலம் தேய்த்துக் கழுவினார். அங்கே இருந்த பிள்ளைகள் அவரை விடுதி அனுப்பிய ஆள் என்று நினைத்து, குளியலறையையும் காட்டினார்கள். அதையும் கழுவினார். மகளிடம் விடைபெற்றது மூன்று நிமிடம்.

மறுநாள் திங்கள். வீட்டில் சத்தமே இல்லை. பின்னேரம் இருவரும் எசனுக்கு ரயில் ஏறினார்கள்.

கடை சின்னது. ஆறு மேசை. குசினிக்குக் கதவும் இல்லை, சுவரும் இல்லை. அடுப்பு, தாச்சி, கழுவும் தொட்டி எல்லாம் கண்ணுக்கு முன்னால் திறந்து கிடந்தன. தொட்டிக்குள் கோப்பைகள் மலையாகக் குவிந்திருந்தன. தேவமலர் அதைக் கண்டதும் போச்சு என்று நினைத்தாள். தங்கராசாவும் கண்டார். கண்டுவிட்டு, தானாகவே சுற்றி வந்து, குசினிக்கு முதுகு காட்டுகிற கதிரையை இழுத்து இருந்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். தேவமலருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கடைக்காரி பத்மா, மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்த தமிழச்சி; பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவாள். இவர்கள் தமிழ் என்று தெரிந்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "வாங்க, வாங்க லா! சிலோன் தமிழா? என்னா சாப்புடுறீங்க?"

தேவமலர் தனக்கு நாசி லெமாக் சொன்னாள். அவர் கோழிக் கறியும் ரொட்டியும் சொன்னார்.

"காரம் எப்டி? நம்ம கைக்குக் கொஞ்சம் ஏறும் லா."

"இவவுக்கு உறைப்புப் போடாதேங்கோ," என்றார் தங்கராசா.

"இவர் உறைப்புச் சாப்பிடுறேல்லை," என்றாள் தேவமலர், அதே நேரத்தில்.

பத்மா இரண்டையும் எழுதிக்கொண்டு போனாள்.

"ஆர் சொன்னது நான் உறைப்புச் சாப்பிடுறேல்லையெண்டு?" என்று கேட்டார் தங்கராசா.

"ஆர் சொல்லோணும்? நீங்கள் வைக்கிற கறியைப் பாத்தாலே தெரியுதே. மிளகாய்த்தூளை மோந்தும் பாக்காத கறி."

"அது உமக்காக. உம்மடை வயித்துக்கு."

"என்ரை வயித்துக்கு என்ன?"

"டொக்டர் சொன்னவரெல்லே, மிளகாய் தொடக் கூடாதெண்டு."

"எப்ப?"

"எண்பத்தேழிலை."

தேவமலருக்கு நினைவு வந்தது. ஜெர்மனிக்கு வந்த முதல் கிழமை, குளிரோ, பயணமோ, புதுப் புருஷனோ, ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் வயிறு எரிந்தது. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவர் இவர்தான். மூன்று மாதம் மிளகாய் வேண்டாம் என்றார் டொக்டர். அன்றிலிருந்து இவர் மிளகாய் இல்லாமல் சமைத்தார். மூன்று மாதம் முடிந்தது. வயிறு சரியானது. அது முடிந்துவிட்டது என்று யாரும் இவருக்குச் சொல்லவில்லை. கறி வெளுப்பாகவே வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் குசினியில் நின்று நின்று மனிதரின் நாக்கே வெளுத்துவிட்டது போலிருக்கிறது, பாவம், அவருக்குப் பிடித்தபடி சமைப்போம் என்று தேவமலரும் சனி ஞாயிறு வெளுப்பாகச் சமைத்தாள். அதை இரவில் நின்றபடி சாப்பிட்ட தங்கராசா, இவளுக்கு இன்னும் வயிறு மாறவில்லை என்று முடிவு கட்டினார். இப்படியே ஒரு பிள்ளையும் வளர்ந்து ஹனோவருக்குப் போய்விட்டது.

"எனக்கு அது மூண்டு மாசத்திலை மாறினது," என்றாள் தேவமலர்.

தங்கராசா தொடைக்குக் கீழே இருந்த கையை வெளியே எடுத்தார். "அப்ப நீர் இவ்வளவு காலமும்..."

"வேலையிலை, சவுக்காரப் பெட்டிக்குப் பின்னாலை ஒரு போத்தில் மிளகாய்த்தூள் வைச்சிருக்கிறன். பத்து மணி இடைவேளையிலை பாணுக்குத் தூவிச் சாப்பிடுவன். கூட வேலை செய்யிற டொறத்தி அதை மருந்தெண்டு நினைக்கிறா. நீங்கள்?"

அவர் பக்கத்து மேசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏப்ரன் பொக்கற்றிலை செத்தல் மிளகாய். பொரிச்சது. ஒரு நாளைக்கு நாலு."

தேவமலருக்குச் சிரிப்பு வந்தது. வந்த கையோடு அழுகையும் வந்தது. இரண்டையும் விடக் கோபம் அதிகமாக வந்தது. இருபது வருடம். ஒருவருக்காக ஒருவர், ஆசையோடு, ருசியில்லாத கறியாக வைத்து வைத்து, அதையும் ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியே தின்று முடித்திருக்கிறார்கள்.

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்றார் அவர்.

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?"

"நீராவது கேட்டிருக்கலாம்."

"எங்கை வைச்சுக் கேக்கிறது? படியிலையோ?"

திடீரென்று அவர் உடம்பு கதிரையிலிருந்து நாலு விரற்கடை கிளம்பியது. அவர் அப்படியே அந்தரத்தில் நின்றார், அவளைப் பார்த்தார், திரும்ப இருந்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு உணவகத்தில் கையை உயர்த்தி, "தங்கச்சி!" என்று கூப்பிட்டார். குரல் சரியாக வரவில்லை. இரண்டாம்முறை கூப்பிட வேண்டியிருந்தது.

பத்மா தாளோடு வந்து நின்றாள். "அப்ப யாருக்குத்தான் காரம்?"

"ரெண்டு பேருக்கும்," என்றார் தங்கராசா. "எவ்வளவு இருக்கோ அவ்வளவும் கொண்டு வாங்கோ."

சம்பல் ஒரு கிண்ணம் நிறைய வந்தது. சாப்பிட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் தவிர வேறு பேச்சு இல்லை. அவர் கோழித் துண்டுகளை எல்லாம் தட்டோரமாக ஒதுக்கிவைத்துக் கடைசியில் தின்கிறவர் என்பதைத் தேவமலர் அன்றுதான் கண்டாள். அவள் முட்டை மஞ்சளைத் தொடாமல் விடுவதை அவர் கண்டார். கேட்காமலே எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் தொட்டியில் ஏதோ கிளாஸ் விழுந்து உடைந்தது. தங்கராசாவின் தோள் ஒருமுறை துள்ளியது. தலை திரும்பவில்லை.

கிண்ணம் வழித்துத் துடைத்தது போல் ஆகிவிட்டது. அவர் கை பழக்கத்தில் கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தது. பத்மா வந்து, "எடுத்துறலாமா?" என்று கை நீட்டினாள்.

தங்கராசா தான் அடுக்கியதைப் பார்த்தார். மேலே இருந்த கோப்பையைத் தூக்கி, அழுக்கோடு, திரும்ப அவள் முன்னால் வைத்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி. கொஞ்ச நேரம் செல்லட்டும்."

பத்மா போனாள். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கையை எங்கே வைப்பது என்று ஒருமுறை தடுமாறி, மேசையின் நடுவில் வைத்தார்.

"வேறை என்ன எனக்குத் தெரியாது?"

தேவமலர் யோசித்தாள். எட்டேகால் ரயில் போயிருக்கும். அடுத்தது ஒன்பதுக்கு.

"கனக்க இருக்கு," என்றாள். "முதல்லை, ஞாயிற்றுக்கிழமையிலை வேலையாலை வரேக்கை எனக்குப் பிடிக்குமெண்டு பெட்டி கட்டிக் கொண்டு வாறீங்களே, அந்த ஜெர்மன் புளிச்ச முட்டைக்கோவா. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது."

"இருபது வருசமுமோ?"

"இருபது வருசமும்."

"சொல்லும்," என்றார் தங்கராசா.